டேட்டா திண்ணை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பெங்களூரில் நாங்கள் நடத்தும் ஓப்பன் சோர்ஸ் பி.ஐ. கூட்டத்தைப் பற்றி போன இதழில் நாலு வரி அறிவிப்பு வந்தது. அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று ஆசிரியரும் எதிர்பார்க்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. பி.ஐ. என்றால் பிசினஸ் இன்டலிஜென்ஸ். விற்பனை, ஸ்டாக், பாக்கி என்று டேட்டாபேஸில் கிடப்பதைக் கேள்வி கேட்டு, வரைபடமாகவும் அட்டவணையாகவும் முன்னால் வைக்கும் மென்பொருள். காசு கொடுத்து வாங்குவது நிறைய உண்டு. யார் வேண்டுமானாலும் இறக்கி, உள்ளே பார்த்து, மாற்றிக்கொள்ளக் கூடியவையும் உண்டு. அவற்றில் அப்பாச்சி சூப்பர்செட்டைத்தான் நாங்கள் அதிகம் கையாளுகிறோம். நான் பகலில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் ரிப்போர்ட் எழுதுகிறவள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை கூட்டத்துக்கு நாற்காலி இழுத்துப் போடுகிறவள். சரி, கேள்விகளுக்குப் போவோம்.

ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். எக்ஸெல் தெரியும், ப்ரோகிராம் தெரியாது. கூட்டத்துக்கு வந்தால் ஏதாவது புரியுமா, இல்லை வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதானா?
— வாசகர், சிக்பேட்டை

அவசியம் வாருங்கள். ப்ரோகிராமருக்கு பெங்களூரில் பஞ்சமே இல்லை. கணக்கு தெரிந்தவர்தான் எங்களுக்குக் கிடைப்பதில்லை.

ஒன்று சொல்கிறேன். ஒரு ஹார்டுவேர் கடைக்காரர் தன் பில்களை சி.எஸ்.வி. கோப்பாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் அட்டவணையாகக் கொண்டுவந்தார். வாடிக்கையாளர் பெயர், போன் நம்பர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு தேதி, சரக்கு, தொகை மட்டும். ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாத விற்பனை. சூப்பர்செட்டில் ஏற்றி மாதவாரியாகப் பார் சார்ட் போட்டால், ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை பன்னிரண்டு மாதத்துக்கும் கம்பம் நிற்கிறது. வராத டிசம்பரில் பெயின்ட் விற்றிருக்கிறது! கூட்டத்தில் இருந்த இரண்டு இன்ஜினியர்கள் உடனே நேர மண்டலம், எஸ்.க்யூ.எல். (டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழி) என்று துருவ ஆரம்பித்தார்கள். ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு கணக்காளர் அம்மா கோப்பை மேலும் கீழும் உருட்டிப் பார்த்துவிட்டு, "13-ம் தேதியிலிருந்து உள்ள பில் எல்லாம் அதது அந்தந்த மாதத்திலேயே இருக்கிறது. 12 வரைக்கும் உள்ளதுதான் ஓடிப்போயிருக்கிறது" என்றார்.

விஷயம் அதுதான். நாம் 05/06 என்று எழுதினால் ஜூன் 5. மென்பொருள் அதை அமெரிக்க வழக்கப்படி மே 6 என்று படித்துவிட்டது. 13/06 வரும்போது பதின்மூன்றாவது மாதம் கிடையாது என்பதால் அங்கே மட்டும் சரியாகப் படித்திருக்கிறது. கோப்பை ஏற்றும் படிவத்தில் 'நாள் முதலில்' என்பதற்கு ஒரு டிக் பெட்டி இருக்கிறது. அதை டிக் செய்து மறுபடி ஏற்றியதும் மூன்று கம்பங்கள். அந்த அம்மாவுக்கு பைத்தான் தெரியாது. ஏப்ரலில் தொடங்கிய கணக்கில் ஜனவரி எப்படி வரும் என்று உறுத்தியது, அவ்வளவுதான். அந்த உறுத்தல் உங்களுக்கும் இருக்கும்.

சூப்பர்செட், மெட்டாபேஸ், ரீடாஷ், பென்டஹோ என்று ஒரே குழப்பம். எதற்குப் பின்னால் யார்? எந்தக் கூட்டத்தை நம்பி எங்கள் ஆபீஸ் இறங்கலாம்?
— வாசகர், ஒயிட்ஃபீல்டு

நல்ல கேள்வி. எல்லாரும் எந்த சார்ட் அழகு என்று கேட்பார்கள், நீங்கள் ஆளைக் கேட்டிருக்கிறீர்கள்.

பழையதிலிருந்து வருகிறேன். பென்டஹோ 2004-ல் அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் தொடங்கியது. அங்கங்கே தனித்தனியாக இருந்த ஓப்பன் சோர்ஸ் வேலைகளை ஒரே கூரைக்குக் கீழ் கொண்டுவந்த கம்பெனி அது. டேட்டாவை எடுத்து, சுத்தம் செய்து, இன்னொரு இடத்தில் கொட்டுவதற்கு பெல்ஜியத்துக்காரர் மாட் காஸ்டர்ஸ் எழுதிய கெட்டில். அலசுவதற்கு ஜூலியன் ஹைடின் மாண்ட்ரியன். டேட்டாவுக்குள் ஒழுங்கு தேடுவதற்கு, நியூசிலாந்தின் வைக்காட்டோ பல்கலைக்கழகத்தில் பிறந்த வெக்கா. கெட்டிலின் துணைக் கருவிகளுக்கு ஸ்பூன், பேன், கிச்சன் என்று பெயர் வைத்திருந்தார்கள்; சமையற்கட்டுக்குள் போன மாதிரியே இருக்கும். பென்டஹோவின் பயனர்கள் 2008-ல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் முதன்முதலாகக் கூடினார்கள். பிறகு பார்சலோனா, லிஸ்பனுக்குப் பக்கத்தில் கஷ்காய்ஷ், ரோமுக்குப் பக்கத்தில் ஃப்ராஸ்காட்டி, ஆம்ஸ்டர்டாம் என்று வருஷத்துக்கு ஓர் ஊர். 2015-ல் பென்டஹோவை ஹிட்டாச்சி வாங்கியது. கெட்டிலின் கோடிலிருந்து (மென்பொருளின் மூல வரிகளைத்தான் கோடு என்கிறோம்) அதை எழுதியவரும் இன்னும் சிலரும் சேர்ந்து ஹாப் என்று தனியே கிளை பிரித்து, 2020-ல் அப்பாச்சி அறக்கட்டளையின் இன்குபேட்டருக்குள் கொண்டுபோனார்கள். ஓப்பன் சோர்ஸ் திட்டங்களுக்கு வீடு கொடுக்கும் லாப நோக்கில்லாத அமைப்பு அப்பாச்சி; புதுத் திட்டம் அங்கே பழகும் இடம் இன்குபேட்டர். அண்ணன் தம்பி பாகம் பிரித்த மாதிரி, ஒரே வீட்டுச் சாமான் இரண்டு வீட்டிலும் இருக்கும். இனி வாங்குவது தனித்தனி.

ரீடாஷை 2020-ல் டேட்டாப்ரிக்ஸ் என்ற கம்பெனி வாங்கியது. காசு வாங்கி அவர்களே நடத்திக் கொடுத்த சேவை நின்றது. கோடு திறந்தே இருந்ததால் பயனர்கள் சிலர் பராமரிப்பை எடுத்துக்கொண்டார்கள். மெட்டாபேஸ் ஒரு கம்பெனியின் கைக்குள் இருக்கிறது. இலவசப் பதிப்பும் உண்டு, காசு கொடுத்தால் கூடுதல் வசதியும் உண்டு. எஸ்.க்யூ.எல். தெரியாத ஆளுக்கு முதல் நாளே கை வரும் என்றால் அதுதான், சூப்பர்செட் கூட்டம் நடத்துகிற நானே சொல்கிறேன். நம் பக்கத்துச் சரக்கு வேண்டுமென்றால் மும்பையின் ஃப்ராப்பே ஆட்கள் செய்த இன்சைட்ஸ் இருக்கிறது, அவர்களுடைய கணக்கு, ஸ்டாக் மென்பொருளான இ.ஆர்.பி. நெக்ஸ்ட்டை ஏற்கெனவே வைத்திருக்கும் கம்பெனிகளுக்குப் பொருந்தும்.

சூப்பர்செட் 2015-ல் ஏர்பிஎன்பியின் உள் ஹேக்கத்தான் ஒன்றில் மாக்சிம் போஷ்மின் எழுதியது. டேட்டா வேலைகளை நேரப்படி ஓட்டும் ஏர்ஃப்ளோவைத் தொடங்கியவரும் இவர்தான். முதலில் பனோரமிக்ஸ், பிறகு கேரவல், அப்புறம்தான் சூப்பர்செட் என்று பெயர் நின்றது. 2017-ல் அப்பாச்சி இன்குபேட்டர், 2021 ஜனவரியில் முழு அப்பாச்சி திட்டம். இதனால் என்ன லாபம் என்றால், பெயரும் முத்திரையும் எந்தக் கம்பெனியிடமும் இல்லை, அறக்கட்டளையிடம் இருக்கிறது. யாரோ யாரையோ வாங்கினார்கள் என்ற செய்தி வந்தால் நான் ராத்திரி எழுந்து உட்கார வேண்டியதில்லை.

எதில் இறங்கினாலும் முதலில், கோடு எல்லாம் வைத்திருக்கும் தளமான கிட்ஹபில் அரை மணி நேரம் செலவழியுங்கள். கடைசி வெளியீடு எப்போது? மாற்றங்களைச் சேர்ப்பவர்கள் ஒரே கம்பெனியின் ஆட்களா, பல இடத்தவரா? ஒரு புது ஆள் கேட்ட அசட்டுக் கேள்விக்கு யாராவது மரியாதையாகப் பதில் சொல்லியிருக்கிறார்களா? மூன்றாவதை யாரும் பார்ப்பதில்லை. எனக்கு அதுதான் முக்கியம்.

அக்கா, நான் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். அக்டோபரில் ஹாக்டோபர்ஃபெஸ்ட் வருகிறது. சூப்பர்செட்டில் நாலு புல் ரிக்வெஸ்ட் போட்டால் ரெஸ்யூமேவில் எழுதலாம் இல்லையா?
— மாணவர், ஓசூர்

தம்பி, 2020-ல் என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டு பேசலாம். டிஜிட்டல் ஓஷன் என்ற கம்பெனி 2014-ல் தொடங்கிய விழா அது. புல் ரிக்வெஸ்ட் என்றால் பிறர் திட்டத்தில் சேர்க்கச் சொல்லி அனுப்பும் மாற்றம். 2020 விதிப்படி அக்டோபரில் நாலு அனுப்பினால் டி-ஷர்ட். 2020-ல் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான பேர், நம் ஊர்ப் பிள்ளைகளும் தாராளமாக, யார் யாருடைய ரீட்மீ கோப்பிலோ (திட்டத்தின் அறிமுகப் பக்கம்) போய் 'அருமையான திட்டம்' என்று ஒரு வரி சேர்த்து அனுப்பினார்கள். பராமரிப்பவர்கள் குப்பை அள்ளியே களைத்துப் போனார்கள். மாதம் பிறந்த சில நாளிலேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று. விருப்பம் தெரிவித்த திட்டங்களுக்கு மட்டும்தான் இனி கணக்கு என்றார்கள்.

ரெஸ்யூமேவுக்காகச் செய்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வேலை வேண்டுமே. ஆனால் நாலு வரி மாற்றத்தைவிட, ஒரே ஒரு பிழையை உருப்படியாகத் திரும்ப நிகழ்த்திக் காட்டு. அதை எப்படிச் செய்வது? திறந்து கிடக்கும் பிழை அறிக்கைகளில் பழையதாக ஒன்றை எடு. எழுதினவர் எந்தப் பதிப்பு என்று சொன்னாரோ அதையும், இன்றைய பதிப்பையும் டாக்கரில் (மென்பொருளைத் தனித்தனிப் பெட்டியாக ஓட்டும் கருவி) ஏற்று. சூப்பர்செட்டோடு உதாரண டேட்டா வருகிறது: உலக வங்கியின் சுகாதாரக் கணக்கு, குழந்தைப் பெயர்கள், வீடியோ கேம் விற்பனை. பிழையை அந்த டேட்டாவிலேயே வரவைக்க முடிகிறதா பார். வந்தால், எந்த டேட்டாசெட், எந்த சார்ட், எந்தப் பெட்டியில் என்ன போட்டாய், திரையில் என்ன வந்தது, லாகில் (மென்பொருள் தானே எழுதும் குறிப்பேடு) என்ன வந்தது என்று வரிசையாக எழுது. வரவில்லையா, 'இந்தப் பதிப்பில் இப்படிச் செய்து பார்த்தேன், வரவில்லை' என்று எழுது. அதுவும் பதில்தான். பல வருஷம் திறந்து கிடந்த அறிக்கையை அதைப் பார்த்துத்தான் மூடுவார்கள்.

நேர்காணலில் உன்னிடம் டி-ஷர்ட்டை யாரும் கேட்கப் போவதில்லை. இந்த அறிக்கையின் இணைப்பைக் கொடுத்தால் பத்து நிமிஷம் அதைப் பற்றியே பேசலாம்.

கூட்டத்தில் சாப்பாடு உண்டா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

உண்டு. தட்டு இட்லி, இல்லையென்றால் பிசிபேளே பாத். பன்னிரண்டரைக்கு வந்தால் சாப்பாடு மட்டும் கிடைக்கும், பத்தரைக்கு வந்தால் கூட்டமும் சேர்ந்து கிடைக்கும்.

எங்கள் டிரஸ்ட் பள்ளிகளின் டேஷ்போர்டில் ஊர்ப் பெயர், மாணவர் பெயர் எல்லாம் தமிழில்தான். திரையில் நன்றாகத் தெரிகிறது. ஆனால் திங்கட்கிழமை காலையில் மின்னஞ்சலில் வரும் ரிப்போர்ட்டில் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக இருக்கிறது. ஏன்?
— வாசகி, சிவாஜி நகர்

இந்தக் கட்டத்தைப் பார்க்காத தமிழ்க்காரர் எங்கள் கூட்டத்தில் இல்லை. கன்னடக்காரர்களுக்கும் இதே கதைதான்.

திரையில் பார்க்கும்போது எழுத்தை வரைவது உங்கள் கணினியின் பிரௌசர். அதில் தமிழ் எழுத்துரு இருக்கிறது. மின்னஞ்சல் ரிப்போர்ட்டுக்குப் படம் எடுப்பது உங்கள் பிரௌசர் இல்லை. சர்வரில், வொர்க்கர் என்ற தனி டாக்கர் கன்டெய்னருக்குள் (பெட்டிக்குள்), திரையில்லாமல் ஓடும் ஒரு பிரௌசர் டேஷ்போர்டைத் திறந்து படம் பிடித்து அனுப்புகிறது. அந்தக் கன்டெய்னரில் தமிழ் எழுத்துரு இல்லை. எழுத்து கிடைக்காத இடத்தில் கட்டம் போட்டுவிடுகிறது. கன்டெய்னருக்கு அச்சாக இருக்கும் இமேஜைக் கட்டும்போதே நோட்டோ எழுத்துருத் தொகுப்பை நிறுவச் சொல்லுங்கள். அதில் நோட்டோ சான்ஸ் தமிழ் வந்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும் கன்டெய்னருக்குள் போய்க் கையால் நிறுவினால் அடுத்த அப்டேட்டில் காணாமல் போகும். இமேஜ் கோப்பிலேயே எழுதச் சொல்லுங்கள். வெப் கன்டெய்னரில் போட்டுவிட்டு 'சரியாகவில்லையே' என்று வருகிறவர்கள்தான் அதிகம். வொர்க்கரில் போட வேண்டும்.

நீங்கள் கேட்காத இன்னொன்று. ஊர்ப் பட்டியலை அகர வரிசையில் பாருங்கள். ஜெயநகர், சாம்ராஜ்பேட்டைக்கு அடுத்து வந்து நிற்கும். தாசரஹள்ளி, மல்லேஸ்வரம் எல்லாம் அதற்குப் பிறகு. பெயருக்குள் ற, ழ, ன இருந்தாலும் வரிசை புரளும். கணினி எழுத்துகளுக்குக் கொடுக்கும் யூனிகோடு எண் வரிசை வேறு, நாம் பள்ளியில் படித்த வரிசை வேறு. எண் வரிசையில் ச-வுக்கு அடுத்து ஜ, ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் வைத்திருந்தால், பதிப்பு 10 முதல் ஐ.சி.யு. வரிசைகளை (அந்தந்த மொழி வழக்கப்படி அடுக்கும் விதிகள்) பயன்படுத்தலாம், தமிழுக்கு என்றே ஒன்று இருக்கிறது. பெயர் இருக்கும் பத்திக்கு அதை டேட்டாபேஸிலேயே அமைத்துவிட்டால், வரிசைப்படுத்தும் வேலை அங்கே நடப்பதால் சூப்பர்செட்டில் தனியாக எதுவும் செய்ய வேண்டாம். பள்ளி வருகைப் பதிவேட்டில் பெயர் வரிசை மாறினால் தலைமை ஆசிரியர்கள் சும்மா விடமாட்டார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

எங்கள் தொழிற்சாலை டேட்டாவைக் கூட்டத்தில் காட்டி சந்தேகம் கேட்கலாமா? இன்னொன்று: ஏ.ஜி.பி.எல். லைசென்ஸ் என்றாலே எங்கள் வக்கீல் பயமுறுத்துகிறார். மெட்டாபேஸ் வைத்தால் எங்கள் கோடை எல்லாம் வெளியே கொடுக்க வேண்டுமாம்.
— வாசகர், பீன்யா

முதல் கேள்விக்கு: கூடாது. ஹார்டுவேர் கடைக்காரர் மாதிரி பெயர், நம்பர் நீக்கிவிட்டு, தொகையையும் ஏதாவது ஓர் எண்ணால் பெருக்கிக் கொண்டுவாருங்கள். சார்ட்டின் சிக்கல் அப்படியே இருக்கும், உங்கள் வியாபாரம் தெரியாது. ஆட்களின் விவரம் இருந்தால் 2023-ல் வந்த தனிநபர் டேட்டா பாதுகாப்புச் சட்டத்தையும் யோசியுங்கள். கூட்டத்தில் எல்லாரும் போனில் படம் எடுப்பார்கள்.

இரண்டாவதற்கு: உங்கள் வக்கீல் பாதி சரி. ஏ.ஜி.பி.எல். என்ற ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸில் வரும் மென்பொருளை நீங்களே மாற்றி எழுதி, அந்த மாற்றிய பதிப்பை நெட்வொர்க் வழியாகப் பிறர் பயன்படுத்தக் கொடுத்தால், அவர்களுக்கு அந்த மூலக் கோடு கிடைக்க வழி செய்ய வேண்டும். மாற்றாமல் அப்படியே நிறுவி, உங்கள் டேட்டாபேஸைப் பார்க்க வைப்பதற்கு அந்தக் கடமை வராது. உங்கள் டேட்டாவும், நீங்கள் எழுதிய எஸ்.க்யூ.எல்.-உம் உங்களுடையதே. கிராஃபனா என்ற டேஷ்போர்டு மென்பொருள் 2021-ல் அப்பாச்சி லைசென்ஸிலிருந்து ஏ.ஜி.பி.எல்.-க்கு மாறியபோதும் இதே பயம் ஊரெல்லாம் இருந்தது. சூப்பர்செட் அப்பாச்சி 2.0 லைசென்ஸில் இருக்கிறது, அதில் இந்தப் பேச்சே கிடையாது. உங்கள் பெயர் போட்டு டேஷ்போர்டை வாடிக்கையாளர்களுக்கு விற்கப் போகிறீர்கள் என்றால் வக்கீலிடம் லைசென்ஸை முழுக்கப் படிக்கச் சொல்லுங்கள்.

புதுப் பதிப்பு, புது வசதி என்று செய்தி வந்துகொண்டே இருக்கிறது. எல்லாவற்றையும் தொடர நேரமில்லை. எதைக் கட்டாயம் படிக்க வேண்டும்?
— வாசகி, மாரத்தஹள்ளி

புது சார்ட் வகை வந்ததைப் படிக்காவிட்டால் ஒன்றும் குடிமுழுகாது. இரண்டைத் தவறவிடாதீர்கள்: பாதுகாப்பு அறிவிப்பு, பிறகு கோடோடு சேர்ந்து வரும் 'அப்டேட்டிங்' என்ற கோப்பு. பழைய பதிப்பிலிருந்து போகும்போது எது உடையும் என்பதை அதில்தான் எழுதியிருப்பார்கள். அலங்காரமில்லாத நடை, ஒவ்வொரு வரியும் யாரோ பட்ட அவஸ்தை.

பாதுகாப்புக்கு ஓர் உதாரணம் போதும். சூப்பர்செட்டில் உள்ளே நுழைந்தவருக்குக் கொடுக்கும் குக்கீயை (பிரௌசரில் இருக்கும் அடையாளச் சீட்டு) ஒரு ரகசியச் சாவியால் கையொப்பமிடுவார்கள். நிறுவும்போது அந்தச் சாவியை மாற்றச் சொல்லி எழுதியிருந்தும், கோடோடு வந்த சாவியையே நிறைய பேர் அப்படியே விட்டுவிட்டார்கள். கோடு திறந்த கோடு, சாவி ஊருக்கே தெரியும். அதை வைத்து யாரும் அட்மின் குக்கீயைத் தாங்களே தயாரித்து உள்ளே போகலாம். 2023 ஏப்ரலில் இது வெளியே வந்தது. 2.1 பதிப்பிலிருந்து பழைய சாவி இருந்தால் சூப்பர்செட் ஓடவே மறுக்கும். அந்த மாதக் கூட்டத்தில் சார்ட் பற்றி யாரும் பேசவில்லை. ஒவ்வொருவராக லேப்டாப்பைத் திறந்து ஆபீஸுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

புதுப் பதிப்பை வெளியிடலாம் என்று யார் முடிவு செய்கிறார்கள்? கமிட்டர் ஆக என்ன செய்ய வேண்டும்?
— வாசகர், பிரேசர் டவுன்

ஓட்டுப் போட்டுத்தான். வெளியீட்டுக்குத் தயாரான பொதியை ஒருவர் முன்வைப்பார். குறைந்தது 72 மணி நேரம் அவகாசம். உலகத்தில் எந்த நேர மண்டலத்தில் இருப்பவரும் இறக்கிப் பார்க்கத்தான் அவ்வளவு நேரம். திட்டத்தை நிர்வகிக்கும் குழுவிலிருந்து மூன்று 'பிளஸ் ஒன்று' ஓட்டாவது விழ வேண்டும், எதிர் ஓட்டைவிட ஆதரவு அதிகம் இருக்க வேண்டும். குழுவில் இல்லாதவரும் ஓட்டுப் போடலாம். கணக்கில் சேராது, ஆனால் 'என் மெஷினில் நிறுவினேன், இந்த இடத்தில் நிற்கிறது' என்று காரணம் எழுதினால் கவனிப்பார்கள்.

கமிட்டர் என்றால் திட்டத்தின் கோடில் மாற்றத்தை நேரடியாகச் சேர்க்கும் உரிமை உள்ளவர். அந்தப் பதவிக்கு விண்ணப்பப் படிவம் கிடையாது. வேலையைப் பார்த்து நிர்வாகக் குழு அழைக்கும். கோடு எழுதினால்தான் என்றில்லை, ஆவணம் எழுதுவதும் சோதித்துப் பார்ப்பதும் சேர்த்தி. ஒரு விசேஷம்: அந்த உரிமை ஆளுக்குக் கொடுப்பது, கம்பெனிக்கு இல்லை. கொரமங்களாவில் ஒரு கம்பெனியை விட்டு பெல்லந்தூரில் இன்னொன்றுக்குப் போனாலும் கூடவே வரும். நோட்டீஸ் பீரியடில் இருக்கிறவர்களிடம் இதைச் சொன்னால் முகம் மலரும்.

ஆறு வருஷ இடைவெளிக்குப் பிறகு வேலைக்குத் திரும்பப் பார்க்கிறேன். கூட்டத்தில் பெண்கள் இருப்பார்களா? மகளையும் கூட்டிக்கொண்டு வரலாமா?
— வாசகி, ஜே.பி. நகர்

இருக்கிறோம், குறைவாக. என்னையும் சேர்த்து ஒரு வரிசை நாற்காலிக்கு வரும். மகளைக் கூட்டி வாருங்கள். கிரேயான் கொண்டுவந்தால் போதும், ஒயிட்போர்டின் கீழ்ப்பாதி எப்போதும் பிள்ளைகளுக்குத்தான்.

கூட்டத்துக்கு நடத்தை விதி உண்டு. வாசலில் ஒட்டியிருக்கிறோம், யாரிடம் புகார் சொல்வது என்பதும் அதிலேயே இருக்கிறது. ஒரு பெண் கேள்வி கேட்கும்போது பக்கத்தில் இருப்பவர் கீபோர்டைப் பிடுங்கித் தானே அடித்துக் காட்டுவார் பாருங்கள், அதற்கும் தடை. வாயால் சொல்லலாம், கை வைக்கக் கூடாது. இது எழுதப்பட்ட விதியில் இல்லை, நான் நின்று பார்த்துக்கொள்கிறேன். இடைவெளியைப் பற்றி எங்கள் கூட்டத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். எஸ்.க்யூ.எல். ஆறு வருஷத்தில் அப்படி ஒன்றும் ஓடிப்போய்விடவில்லை. மறந்திருந்தால் இரண்டு சனிக்கிழமையில் திரும்பிவிடும்.

எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து உங்கள் இந்திரா நகர் கூட்டத்துக்கு வந்து போவதற்குள் நாள் முடிந்துவிடுகிறது. நாங்களே இங்கே ஒன்று தொடங்கலாமா? என்ன வேண்டும்?
— வாசகர், எலக்ட்ரானிக் சிட்டி

தாராளமாக. இந்த ஊருக்கு இது புதிதே அல்ல. 2001-லேயே லினக்ஸ் பெங்களூர் என்று மாநாடு நடத்திய ஊர். அதுதான் பிறகு ஃபாஸ் இன் ஆனது; ஃபாஸ் என்றால் ஃப்ரீ அண்ட் ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர். பைத்தான் மொழிக்காரர்கள் கூடும் பைகான் இந்தியாவின் முதல் மாநாடு 2009-ல் இங்கே இந்திய அறிவியல் கழகத்தில்தான். டேட்டாவுக்கென்றே ஃபிஃப்த் எலிஃபன்ட் 2012-லிருந்து நடக்கிறது. ஃபாஸ் யுனைடெட் நடத்தும் இந்தியா ஃபாஸ் மாநாட்டுக்கு வந்தால் ஒரே இடத்தில் எல்லாரையும் பிடிக்கலாம். உங்கள் முதல் கூட்டத்துக்கு நாள் தேடுகிறீர்கள் என்றால், செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை மென்பொருள் சுதந்திர தினம். ஆள் தானாக வருவார்கள்.

இடம்: ஏதாவது கம்பெனியின் மீட்டிங் ஹால், சனிக்கிழமை சும்மா கிடக்கும். மெட்ரோவிலிருந்து நடக்கும் தூரம் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மஞ்சள் பாதை 2025 ஆகஸ்டில் திறந்த பிறகு உங்கள் பக்கத்துக்கு அந்தக் கவலை தீர்ந்தது. சில்க் போர்டு சிக்னலில் ஒருவன் பட்ட கோபம் முதல் ஒரு மணி நேரம் அவன் கேட்கும் கேள்வியிலேயே தெரியும். பிளக் பாயின்ட் எத்தனை என்று முன்கூட்டியே போய் எண்ணுங்கள். டாக்கர் இமேஜ்களை இரண்டு பென் டிரைவில் போட்டு வையுங்கள். முப்பது பேர் ஒரே வைஃபையில் ஒரே நேரத்தில் இறக்க ஆரம்பித்தால் காலை முழுக்க சுற்றும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஸ்பான்சர் விஷயத்தில் கறாராக இருங்கள். ஒரு கம்பெனி எங்களுக்கு ஹாலும் மதியச் சாப்பாடும் தருவதாகச் சொல்லி, அதற்குப் பதிலாகத் தங்கள் சரக்கைப் பற்றி நாற்பது நிமிஷம் பேச வேண்டும் என்றது. ஐந்து நிமிஷம், அதுவும் சாப்பாட்டுக்கு முன்னால், என்றேன். வேண்டாம் என்று போய்விட்டார்கள். அந்த மாதம் ஆளுக்கு நூறு ரூபாய் போட்டுச் சாப்பிட்டோம், யாரும் முணுமுணுக்கவில்லை.

பெயர் வைப்பதிலும் ஒரு சங்கதி. அப்பாச்சி, சூப்பர்செட் இரண்டும் அறக்கட்டளையின் முத்திரைகள். மற்றவர்கள் நடத்தும் நிகழ்ச்சியின் பெயரில் அவற்றைப் போட விதிமுறை இருக்கிறது. பேனர் அடிப்பதற்கு முன்னால் படித்துவிடுங்கள், அடித்த பிறகு படித்தால் பேனர் காசு போகும்.

நிகழ்ச்சி நிரலைப் பொறுத்தவரை, உரை ஒன்று போதும். மிச்ச நேரம் மேஜை மேஜையாக உட்கார்ந்து வேலை. உரையைக் கேட்டவர் கைதட்டிவிட்டுப் போவார். தன் சார்ட்டை அங்கேயே சரிசெய்தவர் அடுத்த மாதம் இன்னொருவரைக் கூட்டி வருவார்.

கூட்டத்தை வீடியோ எடுத்துப் போடுங்களேன். வர முடியாத எங்களுக்கு உதவும்.
— வாசகர், கோலார் தங்கவயல்

உரையை மட்டும் ஒலிப்பதிவு செய்கிறோம். மேஜை வேலையை எடுக்க மாட்டோம். கேமரா ஓடினால் பாதிப் பேர் சந்தேகமே கேட்க மாட்டார்கள். தங்கவயலிலிருந்து காலை ரயில் ஏறினால் நேரத்துக்கு வந்துவிடலாம், எங்கள் கூட்டத்துக்கு பங்காருபேட்டையிலிருந்து ஒருவர் அப்படித்தான் வருகிறார். வரவே முடியாதென்றால் உங்கள் சிக்கலை எழுதி அனுப்புங்கள்: எந்தப் பதிப்பு, எந்த டேட்டாபேஸ், திரையில் என்ன செய்தி வந்தது. ஸ்கிரீன்ஷாட்டாக மட்டும் அனுப்ப வேண்டாம், பிழைச் செய்தியை அப்படியே நகலெடுத்து ஒட்டுங்கள். அடுத்த சனிக்கிழமை ஒரு மேஜைக்குக் கொடுத்து, கிடைத்த பதிலை இந்தப் பக்கத்திலேயே போடுகிறேன்.